ஒன்பது போட்டவள்

பிப்ரவரி 12

அன்புள்ள மேல்கட்டிலுக்கு,

கீழ்கட்டில் எழுதுகிறேன். நலமா என்று கேட்கமாட்டேன். போன தடவை உன் வீட்டு வாசலில் நான் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தபோது, "நலமா இருக்கீங்களான்னு கேட்கிறதுதானேடி உனக்கு உத்தியோகமே, என்கிட்டயாவது வேற ஏதாவது கேளு" என்றாய். அதனால் வேறு கேட்கிறேன். குளியலறைக் கூரை ஒழுகியதே, வந்து பார்த்தார்களா? சின்னவளுக்கு முன்பல் முளைத்துவிட்டதா?

என் பக்கம் ஒரே செய்திதான், ஆனால் பெரிய செய்தி. ஆய்வு அச்சாகிவிட்டது. உறையில் இருக்கிற தடிப் புத்தகம் அதுதான். நம்மைப் போல உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்களுக்கு இங்கே என்ன வேலை கிடைத்தது, அந்த வேலையில் மனசும் உடம்பும் எப்படி இருக்கின்றன என்று வருடக்கணக்காக வீடு வீடாகப் போய்க் கேட்டேனே, அதன் முடிவு. எங்கள் பேராசிரியர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. அவரே எழுந்து வந்து என் மேஜையில் புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார். எல்லா வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி போகிறதாம். என் ஒப்பந்தத்தை நீட்டப்போகிறார்கள் என்றும் பேச்சு.

நாற்பத்தோராம் பக்கத்தில் நீ இருக்கிறாய். பெயர் போடக்கூடாது என்பது விதி. "முன்னாள் சர்வேயர், பெண். இப்போது கிடங்கில் லேபிள் ஒட்டும் வேலை. வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதற்குப் பத்துக்கு ஒன்பது." அதற்குக் கீழேதான் புத்தகத்தின் முக்கியமான வரி வருகிறது: எந்த வேலையானாலும், வேலையில் இருப்பவர்கள் நலமாகவே இருக்கிறார்கள். உங்கள் குடியிருப்பில் நான் கேட்ட வீடுகள் எல்லாம் எட்டு, ஒன்பது என்றுதான் சொல்லியிருக்கின்றன. வேறு எந்தப் பகுதியிலும் இவ்வளவு இல்லை. பேராசிரியர் அதைக் காட்டிக் காட்டிச் சொல்கிறார்.

வந்த புதிதில் முகாம் விடுதியில் அந்த இரும்புக் கட்டிலைப் பார்த்து, மேலே ஏறப் பயமாக இருக்கிறது என்று நான் நின்றதும், "மலையேறி அளந்தவளுக்கு இதெல்லாம் ஒரு உயரமா" என்று பையை மேலே வீசினாயே, அது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றைக்கு அழுதுகொண்டிருந்த கீழ்கட்டில் இன்று புத்தகம் போட்டுவிட்டது. நீ சந்தோஷப்பட வேண்டும்.

மே மாதம் அடுத்த சுற்றுக் கேள்விகளோடு வருவேன். பஸ் செலவு ஆய்வுக் கணக்கில். போனில் பேசினால் ஆபீஸ் குரலில் பேசுகிறேன் என்று கடிதம் கேட்டவளே நீதான். நீயே பதில் போடாமல் இருந்தால் என்ன நியாயம்?

உன் அன்பு,
கீழ்கட்டில்


மார்ச் 1

அன்புள்ள கீழ்கட்டிலுக்கு,

புத்தகம் வந்தது. பெருமையாக இருக்கிறது. இவர் டெப்போவில் பஸ் கழுவிவிட்டு வந்த ஈரக் கையோடு தொடப்பார்த்தார், தட்டிவிட்டேன். கை துடைத்துக்கொண்டு வந்து இரண்டு பக்கம் படித்தார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா நடுவுல நடுவுல இவ்வளவு கட்டம் போட்டா எப்படிப் படிக்கிறது" என்று ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். வருகிறவர்கள் போகிறவர்கள் கண்ணில் படும் இடம் அதுதான்.

கூரை இன்னும் ஒழுகுகிறது. பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணல்.

எனக்கும் ஒரு செய்தி இருக்கிறது. நகராட்சியில் ஒரு பயிற்சி ஆரம்பிக்கிறார்கள். சொந்த நாட்டில் சர்வேயராக இருந்தவர்களுக்கு இங்கத்துச் சட்டமும் கருவியும் சொல்லிக்கொடுத்து, தேறினால் களத்தில் வேலை. கிடங்கில் சாப்பாட்டு அறைச் சுவரில் யாரோ ஒட்டியிருந்தார்கள். மற்றவர்கள் மைக்ரோவேவுக்கு வரிசையில் நிற்க, நான் அந்தக் காகிதத்தின் முன்னால் நின்றேன். மேற்பார்வையாளன் விசில் ஊதினான், நகரவில்லை. அவனுக்கு நாங்கள் வைத்த பெயரே விசில்தான். திரும்ப ஊதினான். அப்புறம்தான் நகர்ந்தேன்.

இந்தப் பயிற்சியை விடுவதாக இல்லை. பெல்ட்டில் பெட்டி வரும், லேபிளை எடு, ஒட்டு, தேய். பெட்டி வரும், எடு, ஒட்டு, தேய். பசை நகக்கண்ணில் ஏறிச் சோறு சாப்பிடும்போதும் நாறுகிறது. ஒரு காலத்தில் நான் முக்காலியை நட்டுக் கருவியில் கண்ணை வைத்தால், இரண்டு பக்கத்துப் பங்காளிகளும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். அந்த வேலை எனக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டு காகிதம் கேட்கிறார்கள். ஒன்று வேலைவாய்ப்பு அலுவலகத்தின் சிபாரிசு. அதை நான் பார்த்துக்கொள்வேன். இன்னொன்று, இந்த நாட்டில் ஒரு கௌரவமான வேலையில் இருப்பவர் என்னைத் தெரியும் என்று எழுதித் தரும் சான்று. எனக்கு இங்கே யாரைத் தெரியும்? விசில் எழுதினால் லேபிளை நேராக ஒட்டுவாள் என்று எழுதுவான். நீ எழுதிக் கொடு. விடுதி முற்றத்தில் துணி துவைத்த தண்ணீர் அறைக்குள் வந்ததே, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி நான் மட்டம் பார்த்து வாய்க்கால் வெட்ட வைத்தேனே, அதை எழுது. நீ பார்த்ததை எழுதினால் போதும்.

அன்புடன்,
மேல்கட்டில்


மார்ச் 9

அன்புள்ள மேல்கட்டிலுக்கு,

உன் கடிதம் படித்துக் குதித்தேன். நீ அந்த வேலைக்கே பிறந்தவள்.

ஆனால் சான்று நான் எழுத முடியாது. கோபித்துக்கொள்ளாமல் முழுதும் படி. ஆய்வில் இருக்கிற ஒருவருக்கு வேலை விஷயத்தில் நான் கையை நீட்டக்கூடாது. நீட்டினால் அவர் சொன்ன பதில்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்துவிட வேண்டும். நானே உதவிவிட்டு, நானே போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அது ஆய்வாகாது. உன்னை எடுத்தால் நாற்பத்தோராம் பக்கம் போய்விடும். புத்தகம் இப்போதுதான் வெளியே போயிருக்கிறது.

சின்னவளின் பள்ளித் தலைமை ஆசிரியையைக் கேட்டுப் பாரேன். உன் மேல் அவருக்கு மதிப்பு உண்டு. கட்டுண்டு கிடப்பது என் கைதான், மனசு இல்லை. புரிந்துகொள்வாய் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
கீழ்கட்டில்


ஏப்ரல் 4

கீழ்கட்டிலுக்கு,

தலைமை ஆசிரியை எழுதிக் கொடுத்தார். உன் புண்ணியத்தில் அது வேலைக்காகவில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இருக்கிற ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, பழைய சான்றிதழ்களை அடுக்கி எடுத்துக்கொண்டு. அங்கே இருக்கிற அம்மாள் கெட்டவள் இல்லை. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். என் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிற அதே புத்தகம். பக்கத்தைப் புரட்டி என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இதைப் படிச்சுப் பாருங்க. உங்களை மாதிரியே ஒரு சர்வேயர். கிடங்குலதான் வேலை. எவ்வளவு நிம்மதியா இருக்காங்க பாருங்க. இருக்கிற வேலையை விட்டுட்டு இந்த வயசுல எதுக்கும்மா அலையணும்?"

நான் என்ன சொல்வது? அந்த நிம்மதியான அம்மாள் நான்தான் என்றா? சான்றிதழ்களைத் திரும்ப அடுக்கினேன். சிபாரிசு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை இல்லாதவர்களுக்குத்தான் முன்னுரிமையாம். வேலையில் இருப்பவர்கள் நலமாக இருப்பதாக ஆய்வே சொல்லிவிட்டதாம்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை ஃப்ரிட்ஜ் மேலிருந்து எடுத்து அலமாரிக்கு அடியில் தள்ளினேன். உதவிதான் செய்யக்கூடாது என்றாய், சரி. உபத்திரவம் செய்யலாம் என்று உன் விதியில் இருக்கிறதா?

மறுபடி விண்ணப்பிப்பேன். எத்தனை தடவை துரத்தினாலும் போவேன். ஆனால் அந்த வரி அந்த அலமாரியில் இருக்கிற வரை எனக்கு மட்டும் இல்லை, யாருக்கும் கிடைக்காது. உன்னால் முடிந்தால் அதை எடு.

மேல்கட்டில்


ஏப்ரல் 11

அன்புள்ள மேல்கட்டிலுக்கு,

'அன்புள்ள' இல்லாமல் நீ எழுதிய முதல் கடிதம். அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் செய்தது தப்பு. உன் வேதனை புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், அடிக்க வராதே. ஒன்பது என்று நானா சொன்னேன்? உன் சமையலறையில் உன் எதிரே உட்கார்ந்து கேட்டேன். யோசிக்காமல் ஒன்பது என்றாய். பசை நாறுகிறது, விசில் ஊதுகிறான் என்று இப்போது எழுதுகிறாய். அன்றைக்கு இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நீ சொன்னதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

உண்மையைச் சொல்வதானால் உன்னைக் கேட்டவளே நானாக இருந்திருக்கக்கூடாது. பட்டியலில் உன் முகவரி வந்ததுமே கூட வேலை செய்கிறவளிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. உன் வீட்டுக்கு வர எனக்கு ஒரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொண்டேன். வேலை, வேலை என்று வேறு எப்படியும் வந்திருக்கமாட்டேன்.

பேராசிரியரிடம் அந்த வரியைப் பற்றிப் பேச வேண்டுமானால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஏன் ஒன்பது என்றாய்? சொல்.

கீழ்கட்டில்


ஏப்ரல் 17

அன்புள்ள கீழ்கட்டிலுக்கு,

ஏன் ஒன்பதா? அடி பைத்தியமே, உனக்காகத்தான்.

அன்றைக்கு மழையில் தொப்பலாக நனைந்து வந்தாய். ஷூவைக் கழற்றினால் காலுறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ரெக்கார்டரை மேஜையில் வைத்தாய். அது சிவப்பு விளக்கு போட்டதும் உன் குரலே மாறிவிட்டது. என்னைப் போய் "நீங்கள்" என்றாய். பத்துக்கு எத்தனை என்று கேட்டாய். இதைக் கேட்டு உன் பேராசிரியர் உனக்கு மார்க் போடுவார் என்றுதான் நான் நினைத்தேன். நீ பார்த்துக்கொள்கிற குடும்பங்கள் மூன்று, நாலு என்று சொன்னால், இவள் என்ன லட்சணத்தில் வேலை பார்க்கிறாள் என்று உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடமாட்டார்களா? பத்து என்றால் நம்பமாட்டார்கள் என்று ஒன்றைக் குறைத்தேன்.

இன்னும் இருக்கிறது. இதையும் கேட்டுவிட்டு மொத்தமாகத் திட்டு. நீ அடுத்தடுத்த வீடுகளுக்குப் போகப் போகிறாய் என்று தெரிந்ததும் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். "நம்ம பொண்ணு வருது, நம்மளோட கஷ்டப்பட்டு வந்த பொண்ணு, கஞ்சத்தனம் பண்ணாம மார்க் போடுங்க" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். நாலாவது மாடித் தையல்காரர் எட்டுக்கு மேல் முடியாது என்று முறுக்கிக்கொண்டார், அவரிடம் சண்டையே போட்டேன். மூன்றாவது மாடியில் அந்தப் பழைய கணக்கு வாத்தியார், இப்போது மீனை ஐஸ் பெட்டியில் அடுக்குகிறாரே, அவர் ராத்திரி தூக்கமில்லாமல் மாத்திரை போடுகிறவர். உனக்காக ஒன்பது போட்டார்.

உங்கள் குடியிருப்பில் மட்டும் ஏன் இவ்வளவு என்று ஆச்சரியப்பட்டாயே, காரணம் இந்தப் புண்ணியவதிதான். ஊருக்கெல்லாம் குழி தோண்டி வைத்துவிட்டு, அதில் நானே முதலில் விழுந்திருக்கிறேன். சிரிப்பும் வருகிறது, என்னையே அறையலாம் போலவும் இருக்கிறது.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. இதை எடுத்துக்கொண்டு போனால் உன் ஒப்பந்தம் என்னாகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் போ என்று சொல்லமாட்டேன். நீ போகாவிட்டாலும் உன்னை வெறுக்கமாட்டேன். நான் அந்த அலுவலகத்து வாசலில் போய் நின்றுகொண்டே இருப்பேன், அவ்வளவுதான்.

உன்,
மேல்கட்டில்


மே 8

அன்புள்ள மேல்கட்டிலுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் சமையலறையில் நின்றபடி படித்தேன். தையல்காரர் சண்டைக்கு வாய்விட்டுச் சிரித்தேன். கணக்கு வாத்தியாருக்கு வந்தபோது அழுதுவிட்டேன். டீ போட வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள்.

அன்றைக்கே பேராசிரியர் அறைக்குப் போனேன். முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இது நமக்குள்ளேயே இருக்கட்டும். அடுத்த சுற்றில் சரி பண்ணிக்கலாம். இப்ப வெளியே சொன்னா உன் பேர்தான் கெடும்" என்றார். அவரும் கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது சொல்வதாகத்தான் நினைத்தார்.

"அடுத்த சுற்று வரைக்கும் அந்த அலமாரியில புத்தகம் இருக்கும் சார். அது முன்னாடி போய் உட்கார்றது நானும் நீங்களும் இல்லை" என்றேன். என் குரல் ஆபீஸ் குரலாக இல்லை என்பது எனக்கே கேட்டது. நீ முக்காலியை நட்டுவிட்டு நிற்கிற மாதிரி நின்றேன் என்று நினைத்துக்கொள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக் குழு கூடியது. நான் ஒரு தோழியைப் பேட்டி எடுத்தேன், அந்தக் குடியிருப்பின் பதில்கள் எனக்காகச் சொல்லப்பட்டவை, அந்த வரி நிற்காது என்று எழுந்து நின்று சொன்னேன். வெளியே வந்ததும் அந்தத் தோழி யார் என்று கேட்டார்கள், உன் பெயரைச் சொல்லவில்லை. புத்தகத்தைத் திரும்பப் பெறும்படி எல்லா அலுவலகங்களுக்கும் கடிதம் போய்விட்டது. உங்கள் குடியிருப்பில் வேறு ஒருவர் வந்து முதலிலிருந்து கேட்பார். மார்க் கேட்கமாட்டார். வேலைக்குக் கிளம்பும் காலையில் உடம்பு எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, படித்த படிப்புக்கு என்ன ஆனது என்று கேட்பார். அந்தக் கேள்விகளை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

என் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. ஜூன் கடைசியோடு சரி. மாலைக் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், பாதிச் சம்பளம். ஆய்வை விடமாட்டேன். யார் பணமும் இல்லாமல், சின்னதாக, சரியாக, திரும்ப ஆரம்பிப்பேன். இந்த முறை தெரியாத வீடுகளில்.

உன்னை ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன். நாற்பத்தோராம் பக்கம் இனி இல்லை. அதனால் இந்த உறையிலேயே உன் சான்றை வைத்திருக்கிறேன். கண்ணாடிக் குழாய், வாய்க்கால் எல்லாம் எழுதியிருக்கிறேன். போன வாரம் விடுதிக்கே போய்ப் பார்த்தேன். முற்றத்துத் தண்ணீர் இன்னும் நீ வெட்டிய வழியில்தான் ஓடுகிறது. அதையும் எழுதினேன்.

மே மாதம் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இனி எனக்கு அங்கே வர வேலை ஒன்றும் இல்லை. எப்போது பார்ப்போம் என்று தெரியவில்லை.

உன்,
கீழ்கட்டில்


செப்டம்பர் 20

அன்புள்ள கீழ்கட்டிலுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குத் திட்டு. கையில் ஒரு பதிலோடுதான் எழுதுவது என்று வைராக்கியம்.

உன் சான்றை எடுத்துக்கொண்டு அதே அம்மாளிடம் போனேன். அலமாரியில் புத்தகம் இல்லை. இந்த முறை சொல்லிவிட்டேன், "அந்த நிம்மதியான சர்வேயர் நான்தான்ம்மா" என்று. அவள் என் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். பிறகு வேறு பேனாவை எடுத்து எழுதினாள். சிபாரிசு கிடைத்தது. பயிற்சியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது.

உன் இடத்துக்கு ஒரு அம்மாள் வந்தாள். நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நம்ம பொண்ணு வேலையைப் பிடுங்கிக்கொண்டு வந்தவள் என்று அவளிடம் வேண்டுமென்றே இல்லாத வியாதியெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள். தையல்காரர் தனக்கு இரண்டு காலும் வராது என்றாராம், நாலு மாடி ஏறி வந்து. மறுபடி மாடி மாடியாகப் போனேன். "யாருக்காகவும் கூட்டவும் வேணாம் குறைக்கவும் வேணாம், உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. அவ வேலையை விட்டது அதுக்குத்தான்" என்றேன். கணக்கு வாத்தியார் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அம்மாளிடம் வெகு நேரம் பேசினார். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

இன்றைக்கு முதல் தடவையாகக் களத்துக்குக் கூட்டிப்போனார்கள். புதுச் சாலை போடும் இடம். கருவி எல்லாம் பட்டனும் திரையுமாக இருக்கிறது, என் கண்ணுக்கு எழுத்தே தெரியவில்லை. கற்றுக்கொடுக்கிறவனுக்கு என் மகன் வயசு இருக்கும், என்னைப் பார்த்துக் கத்துகிறான். பூட்ஸ் ஒரு அளவு பெரிது, சேற்றில் கால் வருகிறது, பூட்ஸ் வரவில்லை. முதல் அளவைத் தப்பாக எடுத்தேன். இரண்டாவது அளவையும். மூன்றாவது சரி. இடுப்பு ஒடிகிறது.

நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பத்துக்கு நாலு. நல்லெண்ணம், பயம், ஒன்றும் கலக்காத நாலு. நாளைக்கும் போவேன். இந்த நாலை யாருக்கும் கொடுக்காதே, இது ஆய்வுக்கு இல்லை.

கடைசிக் கடிதத்தில் வர வேலை ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் கோபம் வந்தது. என் வீட்டுக்கு வர உனக்கு வேலை எதற்கு? ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் இருக்கிறது. இந்த முறை சொந்தக் காசில் டிக்கெட் எடு. காலுறை இன்னொரு ஜோடி எடுத்து வா, இங்கே மழை. சின்னவளின் அறையில் இரட்டைக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறோம். மேலே நான்தான்.

மேல்கட்டில்